பரிசல் விளக்கு

விளக்கை மாட்டிய பிறகு கோமதியின் மீன் தொடப்படாமல் அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

ஒகேனக்கல்லில் ஆற்றைப் பார்த்த வீடு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது. நடத்துவது, சமைப்பது எல்லாம் கோமதி. விளக்கு மட்டும் அவள் அண்ணன் தணிகாசலத்தின் வேலை.

தணிகாசலம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பி இழுத்தே காலம் போய்விட்டது, வெளிச்சம் என்றால் என்னவென்று தெரியாமலே செத்துவிடக் கூடாது என்று, நாடகங்களுக்கு விளக்கு அமைக்கும் ரெஜினாவிடம் போய்ச் சேர்ந்தார். அவள் அவருக்கு மகள் வயது. அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் சார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை. பார்க்கிறவர்களுக்கு இருந்தால் அது அவர்கள் பாடு.

தெரு முழுக்க வாடகை வீடுகள். தங்கை வீடு தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். பழைய பரிசல் ஒன்றை வாங்கி வந்து, தாரைச் சுரண்டி, மூங்கில் பின்னலை மட்டும் மிச்சம் வைத்தார். சாப்பாட்டு மேஜைக்கு மேலே, ஆற்றில் மிதப்பது போலவே தொங்கவிட்டு, உள்ளே பல்புகளைப் போட்டார். வெளிச்சம் பின்னல் வழியே கசிந்து சுவரெல்லாம், தரையெல்லாம், மேஜையெல்லாம் வலை வலையாய் விழுந்தது.

அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்தே ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். "யார் சார் செஞ்சது?" என்றார்கள். அந்தக் கேள்விக்காகவே தணிகாசலம் கதவோரம் நிற்பார்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பைத் தொட்டுக்கொண்டு மீனை ஒதுக்கினார்கள். "பசியில்லைம்மா" என்றார்கள். இரண்டு நாளுக்கென்று வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கினார்கள்.

"என் கைப்பக்குவம் போச்சுண்ணா" என்றாள் கோமதி. "இந்த மாசத்தோட வீட்டைப் பூட்டிட்டு ஓசூருக்குப் பையன்கிட்ட போயிடறேன்."

"மருமக உன்னை அடுப்புப் பக்கமே விட மாட்டாளே."

"இனிமே அடுப்பு எனக்கு எதுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் தினம் சாப்பிடலையா?"

"நீ கல்லை வேகவச்சுக் குடுத்தாலும் சாப்பிடுவ."

தணிகாசலம் ரெஜினாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

அவள் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். பரிசலை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது.

"டீச்சர், விளக்கு…"

"பசிக்குது சார்."

மேஜையில் உட்கார்ந்தார்கள். கோமதி ரெஜினாவுக்கு இரண்டு துண்டு கெண்டை வைத்தாள். அண்ணன் தட்டை உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். அதில் மீன் உதிர்த்து, முள் எடுத்து, சோற்றோரம் குவித்திருந்தது.

ரெஜினா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"டீச்சர், அது எனக்கு…"

"தெரியுது. சாப்பிடுங்க."

அவள் மளமளவென்று சாப்பிட்டாள். "கோமதிக்கா, இன்னொரு துண்டு."

கோமதி கரண்டியோடு நின்றுவிட்டாள். "நிஜமாவே நல்லா இருக்கா?"

"பொய் சொல்ல நான் என்ன சொந்தக்காரியா?"

தணிகாசலம் மீனைப் பிட்டார். தட்டு முழுக்கக் கோடு. முள் என்று எடுக்கப் போனால் நிழல். நிழல் என்று வாயில் வைத்தால் நாக்கில் குத்தியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி குத்தியது. மீனை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குழம்பைப் பிசைந்தார்.

"என்ன சார், பசியில்லையா?" என்றாள் ரெஜினா.

அவர் கை சோற்றிலேயே நின்றது. தங்கையைப் பார்த்தார்.

"கோமு, எனக்கு எப்பலேர்ந்து முள் எடுத்துத் தர்ற?"

"சின்னதுல உனக்குத் தொண்டையில சிக்கிச்சே, அப்பலேர்ந்து. உன்னைவிட நான்தான் அதிகமா அழுதேனாம். அம்மா சொல்வாங்க."

"எங்க உட்கார்ந்து எடுக்கற?"

"அடுப்படியிலதான். அங்கதானே வெளிச்சம்?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போனாள்.

காலையில் தணிகாசலம் ஏணியைத் தூக்கி வந்தார்.

"கழட்டிடறேன் டீச்சர்."

"மழை பெய்யுதுன்னா பரிசல்காரங்க என்ன பண்ணுவாங்க சார்?"

"கவிழ்த்துத் தலைமேல பிடிச்சுக்குவாங்க."

ரெஜினா காப்பியை ஆற்றிக் குடித்தாள்.

அவர் ஏணியில் ஏறினார். பிறகு பரிசலைக் கவிழ்த்தார். உள்ளே இருந்த பல்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு மஞ்சள் பல்பைக் கவிழ்ந்த பரிசலுக்குள்ளிருந்து கீழே இறக்கினார். கோமதியைக் கூப்பிட்டு மேஜையில் உட்கார வைத்தார்.

"நான் எதுக்குண்ணா இங்க? அடுப்புல பால் இருக்கு."

"டீச்சர் பார்த்துப்பாங்க. உட்காரு."

ஜன்னலை அடைத்து, ஒரு துண்டு மீனை எடுத்து முள் பார்த்தார். தெரியவில்லை. ஏணியில் ஏறி பல்பை இன்னும் இறக்கினார். மறுபடி பார்த்தார். மறுபடி இறக்கினார். கடைசியில் மயிரிழை முள்ளும் தெரிந்தது. எடுத்தார். மீனைத் தங்கை தட்டில் வைத்தார்.

கோமதி சாப்பிடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிடும்" என்றார் தணிகாசலம்.

அன்று சாயங்காலம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வாசலில் நின்று யாரும் போட்டோ எடுக்கவில்லை. நேரே போய் உட்கார்ந்தார்கள். தட்டோரங்களில் முள் குவிந்தது. எந்த வாலை யார் எடுத்தது என்று சண்டை வேறு. குழம்புச் சட்டி காலியானது.

"அக்கா, நாளைக்கும் இருந்துட்டுப் போகலாமா?"

"இருங்களேன்" என்ற கோமதியின் குரல் வாசல் வரை கேட்டது.

வாசலில் ரெஜினா கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"விளக்கு யார் செஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்கல டீச்சர்."

"வருத்தமா?"

"கொஞ்சம்." அவர் சிரித்தார். "யாராவது கேட்டா உங்க பேரைச் சொல்லிடறேன். நீங்கதானே சரி பண்ணினீங்க."

"நான் சாப்பிட வந்தேன் சார்."

"அப்ப நானா?"

"நீங்க கவிழ்த்தீங்க."

"அப்ப யாரு டீச்சர்?"

ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்தாள். மஞ்சள் வெளிச்சத்தில், யார் வீட்டுக் குழந்தைக்கோ குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள் அவர் தங்கை.

"கோமதிக்காதான்" என்றாள்.