தோணிப் பலகையில் காய்த்த புடலை

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். தவசிமுத்து அண்ணாச்சியின் பொய்க்குக் கால் உண்டு, காலுக்குச் செருப்பு உண்டு, செருப்புக்குப் பாலிஷும் உண்டு. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பேச்சைக் கேட்டால், வந்து போன கப்பலை எல்லாம் அவரே பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்துக் கரை சேர்த்த மாதிரி இருக்கும். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிற வரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை. செல்லக்கனிக்குக் கெடுதல் வந்தது, அவர் தன் குடியிருப்பின் மொட்டை மாடியின் மேல் கண் வைத்த பிறகுதான்.

செல்லக்கனி அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். கீழே தையல் கடை. மொட்டை மாடியில் காலி பெயிண்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி, தக்காளி, கத்தரி, மிளகாய் என்று வருஷக்கணக்காய் வளர்த்து வருகிறாள். தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு தக்காளியைக் காய்க்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? கடையில் மிஞ்சிய துணியை எல்லாம் ஒட்டுப்போட்டுக் காற்றுக்குத் திரை கட்டியிருந்தாள். குழம்புக்காய்க்கு அவள் மார்க்கெட் பக்கம் போய் நாளாகிவிட்டது.

அந்த வாளிகள் அண்ணாச்சியின் கண்ணை உறுத்தின. உடைத்துப் போட்ட பழைய தோணியின் பலகைகளை வாங்கி, ஆசாரியை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு செடிப்பெட்டி அடித்து மாடியில் கொண்டுவந்து வைத்தார். பெட்டி பார்வையாகத்தான் இருந்தது, அதைச் செல்லக்கனியே மறுக்க மாட்டாள். ஆனால் அதில் ஒரு புல் முளைத்தும் அவள் பார்த்ததில்லை. இப்போது என்னவென்றால், மாடியைச் சுற்றி அதே மாதிரிப் பெட்டிகளை வரிசையாய் வைக்க வேண்டும், அந்தக் குப்பை வாளிகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுவிட்டார். செயலாளர் மரிய சேவியரும் தலையாட்டிவிட்டார். பக்கத்துக் குடியிருப்பின் மாடித்தோட்டம் பேப்பரில் படத்தோடு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூடினார்கள். அண்ணாச்சி பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இது சாதாரண மரம்னு நெனச்சிராதிய. இலுப்பை! எங்க தாத்தா காலத்துத் தோணி. உடைக்கப் போனவம்லாம் ரம்பத்துப் பல்லு போயி, கடைசியில அவன் சொந்தப் பல்லும் போயி ஓடிட்டான். நாந்தான் போயி, 'மக்கா, நான் வந்திருக்கேன்'னு பலகையத் தட்டிக் குடுத்தேன். பொலபொலன்னு கழண்டு விழுந்துட்டு."

"ஆணி?" என்று கேட்டார் சேவியர்.

"ஆணியா? நல்லா கேட்டீரு. ஒரு ஆணியப் புடுங்க ஆரம்பிச்சது சித்திரையில. நுனி வெளிய வந்தது ஆடியிலவே! இப்பம் நம்ம தெருமுக்குல டியூப் லைட் மாட்டியிருக்காவல்லா, அது போஸ்டு மரம்னா நெனச்சிய?"

நாலு பேர் திரும்பித் தெருவிளக்கைப் பார்த்தார்கள். செல்லக்கனிக்கு எரிச்சலாய் வந்தது. புளுகுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திரும்பிப் பார்க்கிறவனை என்ன செய்வது?

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. பெட்டியில என்ன வெளைஞ்சுது? அதச் சொல்லுங்க," என்றாள்.

"கீரை வெதைச்சேன் தாயி. வெதைச்சிட்டுப் படியில கால வைக்கேன், முதுகுல ஏதோ உரசுது. திரும்பிப் பாத்தா கீரை! அதுவும் எப்பேர்ப்பட்ட கீரை? கடல்ல ஊறுன பலகைல்லா, உப்புப் போடவே வேண்டாம். அப்படியே கடைஞ்சு தின்னுக்கலாம். தெருவுக்கெல்லாம் குடுத்தேன். ஒரே வாரத்துல தெருவுக்கே பிரஷர் ஏறிப் போச்சு. டாக்டர் வந்து என் காலப் பிடிச்சு, 'அண்ணாச்சி, இனி இந்தக் கீரைய வெதைக்காதிய'ன்னு அழுதாரு."

"எங்க வீட்டுக்கு வரலையே," என்றாள் செல்லக்கனி.

"ஒனக்குப் பிரஷர் ஏற்கெனவே இருக்கேன்னு குடுக்கல."

கூட்டம் சிரித்தது. சேவியர் தொடையைத் தட்டிச் சிரித்தார். செல்லக்கனி பல்லைக் கடித்தாள்.

"பெறவு வெண்டை போட்டேன்," அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "காய ஒடிச்சா வெதைக்குப் பதிலா உள்ள வரிசையா நெத்திலி. எல்லாம் ஒண்ணுபோல வாலாட்டுது. அவிச்சா சாம்பாரு, பொரிச்சா மீனு. எங்க வீட்டுக்காரி அது சைவமா அசைவமான்னு தெரியாம மூணு வெள்ளிக்கிழம பட்டினி கெடந்தா."

"இப்பம் ஏன் பெட்டி காலியாக் கெடக்கு?"

"மரத்துக்கும் அசதி இருக்கும்லா தாயி? புடலங்கா காய்ச்ச களைப்பு." அண்ணாச்சி கிழக்கே, கடல் இருக்கிற பக்கமாகக் கையை நீட்டினார். "புடலைக்குக் கல்லு கட்டித் தொங்கவிடுவோம்லா? நான் மறந்துட்டேன். அது கைப்பிடிச் சுவரத் தாண்டி, ரோட்டத் தாண்டி, கடலுக்குள்ள எறங்கிட்டு. பலகைக்கு வழி தெரியும்லா, தோணி போன பழைய வழி! நேரா கொழும்பு! அங்கன ஒரு பொம்பள நுனிய நறுக்கித் தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சிருக்கா. இங்க காம்பு வெடுக்குனு துடிக்குது. நான் சுருட்டி இழுத்தேன். இழுக்கேன் இழுக்கேன், விடியுற மட்டும் இழுக்கேன். கடைசியில பாத்தா, நுனியில ஒரு பொட்டலம் தேயிலை கட்டி அனுப்பியிருக்கா. மருவாதி தெரிஞ்ச பொம்பள!"

"சுங்கத்துல விட்டாவளா?" என்று சேவியர் நிஜமாகவே கேட்டார்.

"காய்க்கு ஏதுவே பாஸ்போர்ட்டு? இன்னைக்கும் பௌர்ணமி வந்தா இந்தப் பெட்டி கெழக்க பாத்து இழுக்கும். அதுக்குத்தான் தொட்டித் தூணோட கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். பாருங்க!"

கயிறு கட்டித்தான் இருந்தது. அவர் வேட்டி காயப்போடுகிற கொடிக்கயிறு. சேவியர் பேனாவைத் திறந்துவிட்டார். தீர்மானம் எழுதப் போகிறார் என்று செல்லக்கனிக்குத் தெரிந்துபோயிற்று. வாயில் வந்ததை எல்லாம் திட்டலாம் போலிருந்தது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று கத்தலாம். கத்தினால் மறுபடியும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நிஜம் பேசி இந்தக் கூட்டத்தில் ஜெயிக்க முடியாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணாச்சி சொல்லுதது அத்தனையும் சத்தியம்," என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணாச்சியே கொஞ்சம் பயந்துதான் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்துன பௌர்ணமிக்கு நானே பாத்தேன். பெட்டி கெழக்க இழுக்குது. கயிறு தூண இழுக்குது. தூணு கட்டடத்த இழுக்குது. ஒரு முழம் நகண்டுட்டு. சேவியர் அண்ணே, கீழ காம்பவுண்டு கேட்டு ஏன் ரெண்டு மாசமா அடைக்க மாட்டேங்குதுன்னு நெனச்சிய?"

சேவியரின் பேனா நின்றது. அந்த கேட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் அவர்.

"ஒத்தப் பெட்டிக்கே இந்த இழுப்பு. நாலு சுவரோரமும் பெட்டியா நெறைச்சா என்னத்துக்கு ஆகும்? ஒரு பௌர்ணமிக்குப் படுக்கும்போது தூத்துக்குடி, முழிக்கும்போது நடுக்கடலு. பால்காரன் நீந்தியா வருவான்? ஒங்க மவ பிள்ளப்பேறுக்கு வந்திருக்காளே, பிள்ளைய எந்த ஊருக் கணக்குல சேப்பிய?"

சேவியர் பேனாவை மூடினார். "அண்ணாச்சி, ஒத்த வார்த்த சொல்லுங்க போதும். இது வெறும் மரம், எங்கயும் இழுக்காது, கட்டடம் நகராதுன்னு சொல்லுங்க. இப்பமே தீர்மானத்த எழுதிருதேன். மாடி ஒங்களுக்குத்தான்."

செல்லக்கனி தன் வாளிகளைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டது காரியம். வெறும் மரம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். பெட்டியைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நகராதா? யாரப் பாத்துவே கேக்கிய?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். "போன ஐப்பசியில ஒருதரம் கொழும்புக்கே போயிட்டு வந்தாச்சு! நீங்க எல்லாரும் கொறட்ட விட்டுக்கிட்டு இருந்திய. நாந்தான் ஒத்த ஆளா இந்தத் தொட்டி மேல ஏறி நின்னு, கட்டடத்தத் திருப்பி, பழைய எடத்துலயே கொண்டாந்து நிறுத்துனேன். ஒரு முழம் தப்பிட்டு, அதான் கேட்டு அடைக்கல."

சேவியர் எழுந்து நாற்காலியை மடக்கினார்.

"அப்பம் பெட்டியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். வாளியே இருக்கட்டும். வாளி இருந்த எடத்துல இருக்கும்."

அண்ணாச்சிக்குத் தோற்ற களையே இல்லை. மாடி போனால் போகட்டும், பேச்சில் மடங்கவில்லையே என்ற பெருமையில் கொடிக்கயிற்றைச் சுண்டிவிட்டுக்கொண்டு நின்றார். செல்லக்கனி சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி," என்றாள். "அவ்வளவு தூரம் போன கட்டடம், ஒங்களையும் எதுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்துச்சு?"