பத்து நிமிடம்

வால்பாறையில் ஆடி மாத மேகம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எஸ்டேட் பட்டறைக்குள் நுழையும், வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உலாவும், வந்த வழியே போய்விடும்.

அந்தப் பட்டறையில் ஆரோக்கியசாமி என்றொரு மெக்கானிக் இருந்தார். ஐம்பத்தாறு வயது. டீசல் வண்டி வளைவில் திரும்பும்போதே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார்.

எஸ்டேட்டுக்கு மூன்று மின்சாரக் கார்கள் வந்தன. ஆரோக்கியசாமி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளே மேலாளரிடம் போய், இதை எனக்குக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கேட்டார்.

பொள்ளாச்சியிலிருந்து நஸ்ரின் வந்தாள். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவர் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டது பாதி கேலிக்குத்தான்.

முதல் நாளே ஒன்று கேட்டார். “டீச்சர், உசுரோட இருந்தாலும் சத்தமில்ல, செத்தாலும் சத்தமில்ல. உள்ள கரண்ட் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

நஸ்ரின் செய்து காட்டினாள். வண்டியை அணைத்துச் சாவியைத் தூரமாய் வைத்தாள். ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். மாட்டிக்கொண்டு, இருக்கைக்கு அடியில் இருந்த, பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றிப் பெட்டியில் பூட்டினாள். பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அடுத்து?”

“பத்து நிமிஷம் உட்காரணும்ணே.”

“சும்மாவா?”

“சும்மா.”

பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே தேங்கிய கரண்ட் அடங்க நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தார்கள். ஆரோக்கியசாமிக்கு முதலில் கால் பரபரத்தது. நாளாக ஆக, பொழுது எங்கோ கரைவது போலிருந்தது. மேகம் வந்து வண்டியை மூடும். அது இருக்கும் இடத்தில் வெள்ளையாய் ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருப்பதாகத் தோன்றும். மேகம் விலகினால் வெறும் கார். எது கண்டது, எது நினைத்தது என்று அவருக்கே பிடிபடாது.

பன்னிரண்டாம் நாள், அந்த மூன்றில் ஒன்றான ஆஸ்பத்திரிக் கார் பழுதாகி வந்தது. ஏ.சி.க்கு உயர் அழுத்தக் கரண்ட் கொண்டுபோகும் ஆரஞ்சு வயரை எலி கடித்திருந்தது. மூன்று மணிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு வண்டி இல்லை என்று டிரைவர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆரோக்கியசாமி எல்லாம் முறையாகச் செய்தார். பிளக்கைக் கழற்றினார். உட்கார்ந்தார். நஸ்ரின் புது வயர் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள்.

நாலு நிமிடம் ஆயிற்று. அவருக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. இருந்தும் மேகத்துக்குள் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. எழுந்து, இருபது வருஷமாகக் கூடவே இருந்த, கரண்ட் பார்க்கும் தன் மீட்டரை எடுத்தார். அந்த வயர் சேரும் பெட்டியின் மூடியைத் திறந்து மீட்டர் முனைகளை வைத்தார். பூஜ்ஜியம்.

கையுறையைக் கழற்றினார். வெறுங்கைக்கும் வயருக்கும் இன்னும் ஒரு சாண்தான்.

“அண்ணே, அந்த மீட்டரைக் கொஞ்சம் தாங்க.”

நஸ்ரின் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அவர் கையிலிருந்து மீட்டரை வாங்கினாள். பக்கத்தில் நின்ற ஜீப்பின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் அதன் முனைகளை வைத்தாள்.

பூஜ்ஜியம்.

ஜீப்பின் விளக்கைப் போட்டாள். பளிச்சென்று எரிந்தது. மறுபடி வைத்தாள். பூஜ்ஜியம். மீட்டரின் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு தன் மீட்டரை எடுத்தாள். அதை ஜீப்பில் வைத்தாள்: பன்னிரண்டு. காரில் வைத்தாள்: இருநூற்றுப் பத்து. இருநூற்று ஐந்து. எண்கள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.

ஆரோக்கியசாமி தன் வலது கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ போலிருந்தது. முக்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்.

வயர் மாற்றி, மூன்று மணிக்குச் சற்று முன்னாலேயே அந்தக் கார் கிளம்பியது. நாற்பது வளைவும் இறங்கி அந்தப் பெண் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். அதெல்லாம் பிறகு.

இப்போது மேகம் திரும்பி வந்தது. காரும் ஜீப்பும் மறைந்தன. பக்கத்தில் நஸ்ரின் உட்கார்ந்திருப்பது அவள் சட்டை உரசும் ஒலியில் மட்டும் தெரிந்தது.

“டீச்சர்,” என்றார். இந்த முறை அதில் கேலி இல்லை. “காதை நம்பினேன், அது இங்க உதவல. மீட்டரை நம்பினேன், அதுவும் கைவிட்டிருச்சு. இனி நான் எதைத்தான் நம்புறது?”

வெண்மைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“நம்புறதுக்கு என்னண்ணே அவசரம்? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”