நூற்று நாற்பத்தாறு வாட்

"டீச்சர், நம்புற மாதிரி ஒரு பவர் மீட்டர் சொல்லுங்க."

பியூலா டீச்சர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கறதுக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"பொய் சொல்லுது."

"எவ்வளவு பொய்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வாறேன்?"

டீச்சர் சிரித்தார். துணியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவருக்கு வயது முப்பத்து மூன்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு காலத்தில் மாநில அணிக்காக சைக்கிள் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைப் போல ஏழெட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுப்பார். எனக்கு நாற்பத்தொன்பது. வயதில் அவர் எனக்குத் தங்கச்சி. மிதிக்க ஆரம்பித்தால் எனக்கு வாத்தியார்.

நான் தாணுமாலயன். நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை. அளவுதான் எனக்குச் சோறு போடுகிறது. கால் பாயின்ட் தப்பினாலும் ஆள் திரும்பி வந்து கடை வாசலில் நின்று சத்தம் போடுவான். அப்படிப்பட்ட எனக்கு அளவு தப்பினால் பற்றிக்கொண்டு வரும்.

பவர் மீட்டர் என்பது ஒன்றுமில்லை. நாம் மிதிக்கிற மிதியில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளந்து, ஹேண்டில்பாரில் இருக்கிற சின்னத் திரையில் வாட் கணக்கில் காட்டும். பல்புக்குச் சொல்கிறோமே, அதே வாட்.

"ரெண்டு மீட்டரை ஒரே வண்டியில மாட்டி ஓட்டிப் பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணு இருநூத்தஞ்சுங்குது. இன்னொண்ணு நூத்தி எண்பத்தெட்டுங்குது. ஒரே காலு, ஒரே மிதி!"

"முதல்ல சொன்னது?"

"இடது பக்கம் மட்டும் அளக்கும். அதை ரெண்டால பெருக்கிச் சொல்லும்."

"அப்ப வலது காலு?"

"அதுவும் அவ்வளவுதான் மிதிக்கும்னு அதுவே நினைச்சுக்கும்."

"பாவம்," என்றார் டீச்சர்.

யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி அளக்கணும்?"

மறைக்க என்ன இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

"வள்ளியூர் போயிட்டுத் திரும்ப முன்னெல்லாம் ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம். இப்ப ஒண்ணே முக்கால் மணி நேரம். இருபது நிமிஷம் எங்க போச்சு? என் கால்லேருந்து எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியணும். ரொம்பப் போயிருந்தா வண்டியை வித்துட்டு கடையில உக்காந்துருவேன்."

"முன்னெல்லாம்னா எப்ப?"

"ரசல் இருந்தப்ப."

"அவரு இறந்துட்டாரா?"

"சே சே! தோவாளையில இருக்கான்."

டீச்சர் துணியைக் கீழே வைத்தார்.

ரசல் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். முப்பந்தலில் நிற்கிற அந்த உயரமான காற்றாடிகளில் ஏறி, மேலே பெட்டிக்குள் உட்கார்ந்து பழுது பார்ப்பான். நானும் அவனும் பதினோரு வருஷம் ஒன்றாக ஓட்டினோம். ஒரு ஞாயிறு தப்பாது. விடிகிற நேரம், ரோடு பிரிகிற தோவாளை விலக்கில் பூக்கூடை ஏற்றுகிற வேன்களுக்கு நடுவே நிற்பான். பிச்சிப்பூ வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குக் கால் பரபரக்கும்.

போகும்போது பின்காற்று, பறக்கலாம். வரும்போது எதிர்காற்று. கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று, ஆனி ஆடியில் ஆளையே நிறுத்திவிடும். அப்போதும் நாங்கள் பேய் மாதிரி வருவோம். அவன் முன்னால், நான் பின்னால். 'ஆரல்வாய்மொழி' என்று எழுதியிருக்கிற ஊர்ப் பலகையை யார் முதலில் தாண்டுகிறார் என்பதுதான் போட்டி. பலகை கண்ணில் பட்டதும் நான் சீட்டிலிருந்து எழும்பி ஒரே மிதியாக மிதித்து அவனை முந்துவேன். எல்லா வாரமும் நான்தான் முதல்.

அவன் நீலச் சட்டை போட்டிருப்பான். இடது தோளில் தையல் பிரிந்து, அவன் மனைவி வெள்ளை நூலால் தைத்திருந்தாள். முதுகில் வேர்வை முதலில் நடுவில் ஒரு திட்டாக வரும். காவல்கிணறு தாண்டியதும் ரெண்டு பக்கமும் பரவும். முப்பந்தல் வரும்போது சட்டை முழுக்கக் கறுத்திருக்கும். கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. டீக்கடையில் அவன் வாய் ஓயாது. வள்ளியூரில் வண்டியைத் திருப்பினால் ஊமை. பின்னாலிருந்து நான்தான் பேசிக்கொண்டே வருவேன். கடைக் கதை, மகள் படிப்பு, மாமனார் வீட்டுத் தகராறு, எல்லாம். அவன் "ம்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

"ஏன் நின்னுட்டாரு?" என்றார் டீச்சர்.

அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி ஞாயிறு. பலகையைத் தாண்டி டீக்கடையில் நிற்கிறோம். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். எனக்கு வாய்க்கொழுப்பு. "பதினோரு வருஷத்துல ஒருநாளாவது அந்தப் பலகையை நீ முதல்ல தாண்டியிருக்கியாலே? வண்டியை வித்துட்டுக் காத்தாடிக்கு எண்ணெய் போடப் போ. உனக்கு அதுதான் லாயக்கு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ரசல் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்த ஞாயிறு விலக்கில் பூக்கூடைகள் மட்டும் இருந்தன.

"நீங்க போய்ப் பாக்கலியா?"

"நான் எதுக்குப் போகணும் டீச்சர்? ஜெயிச்சவன் நான். தோத்ததுக்குக் கோவிச்சுக்கிட்டா நான் என்ன செய்ய முடியும்?"

டீச்சர் ஸ்பேனரை எடுத்துத் தன் வண்டியின் இரண்டு பெடலையும் கழற்றினார். என் பெடல்களைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு, அவருடையதை என் வண்டியில் மாட்டினார். கீறலும் கறுப்புமாக, பார்க்கவே பரிதாபமான பெடல்கள். மீட்டர் அதற்குள்ளேயே இருக்கிறதாம்.

"இது சரியாக் காட்டுமா?"

"தெரியாது. ஏழு வருஷமா ஒரே மாதிரி காட்டுது."

"இது ஒரு பதிலா டீச்சர்?"

"ஏறுங்க அண்ணாச்சி. ஏறிட்டு, மிதியிலிருந்து காலை எடுங்க."

"ஏறச் சொல்லிட்டு எடுக்கச் சொல்றீங்களே?"

"நீங்க ஒண்ணும் செய்யாதப்போ அது ஒண்ணுமில்லைன்னு சொல்லணும். முதல்ல அதைப் பாத்துக்குவோம்."

காலைத் தொங்கவிட்டேன். திரை பூஜ்யம் காட்டியது.

"நல்ல மீட்டர்," என்றார்.

காவல்கிணறு போனோம். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. அங்கே வண்டியைத் திருப்பினோம். இப்போது காற்று முகத்தில் அறைந்தது.

"முப்பந்தல் கோயில் வரைக்கும் நீங்க முன்னால போங்க. வேகம் இருபத்திரண்டு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

போனேன். யப்பா! காது ரெண்டும் அடைத்துப் போனது. தொடை எரிந்தது. ரெண்டு பக்கமும் ரசலின் காற்றாடிகள் ஹூம் ஹூம் என்று சுற்றின. கோயில் வந்ததும் திரையைப் பார்த்தேன். சராசரி இருநூற்றுப் பன்னிரண்டு.

"பரவாயில்லியே," என்றேன். மூச்சு வாங்கியது.

"திரும்பக் காவல்கிணறு போவோம்," என்றார் டீச்சர்.

"எதுக்கு?"

"ஒரு தடவை சொன்னதை வெச்சு நம்பிருவீங்களா?"

நியாயம்தான். போனோம். திருப்பினோம். பூஜ்யம் பார்த்தோம்.

"அதே ரோடு, அதே வேகம். இப்ப நான் முன்னால போறேன். என் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னாலயே வாங்க."

கிளம்பினோம். அவர் குனிந்து ஓட்டினார். நான் பின்னால்.

எத்தனை நாளாயிற்று இப்படி ஓட்டி! பெண் ஓட்டுகிற வண்டியின் பின்னால் நான் போனதில்லை. சின்னப் பையன்கள் என்னை விட்டுவிட்டுப் பறந்துவிடுவார்கள். மெதுவாக வருகிறவன் பின்னால் போக எனக்கு ரோஷம். நாலு வருஷமாகத் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மனசு லேசாகிவிட்டது. பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருந்தது. பேச்சு தானாக வந்தது. காவல்கிணற்றில் ஒரு நாய் ரசலின் காலுறையைக் கவ்விக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னேன். பஞ்சர் ஆன அன்றைக்கு ரெண்டு பேரும் செங்கல் லாரியில் ஏறி வந்ததைச் சொன்னேன். அவன் ஒரே உட்காரலில் பதினாலு ரசவடை தின்றதைச் சொல்லிச் சிரித்தேன்.

டீச்சர் "ம்" என்றார்.

பின்காற்றில் போவது தெரியும், எதிர்காற்றில் போவதும் தெரியும். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான், பின்னால் போனால் கொஞ்சம் லேசு என்பதும் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம்.

கோயில் வந்தது. டீச்சர் வண்டியைச் சாய்த்துவிட்டு, முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றார். முதுகு ஏறி ஏறி இறங்கியது. நான் திரையைப் பார்த்தேன்.

நூற்று நாற்பத்தாறு.

எனக்கு வந்ததே கோபம்.

"பாத்தீங்களா! இதுவும் பொய்தான். அதே ரோடு, அதே வேகம், அதே காத்து. முதல்ல இருநூத்திப் பன்னெண்டு, இப்ப நூத்தி நாப்பத்தாறு. பத்து குறைஞ்சா ஒத்துக்கலாம், இருபது குறைஞ்சா ஒத்துக்கலாம். அறுபத்தாறா? மூணுல ஒரு பங்கு அப்படியே காணாமப் போகுமா? ஏழு வருஷமா ஒரே மாதிரி காட்டுதுன்னு சொன்னீங்களே!"

டீச்சர் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்று.

"ஏன் டீச்சர், வழியிலயும் ஒண்ணும் பேசலை?"

"மூச்சு இல்ல அண்ணாச்சி."

தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நான் என் கடையில் நாற்காலியில் உட்காரவைத்து எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டார்.

"முன்னால என்ன தெரிஞ்சுது?"

"உங்க முதுகுதான்."

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்த முதுகைத் திரும்பவும் பார்த்தேன்.

டீச்சரின் சட்டை முதுகில் வேர்வை நடுவில் தொடங்கி ரெண்டு பக்கமும் பரவியிருந்தது.

காற்றாடிகள் ஹூம் ஹூம் என்று சுற்றிக்கொண்டிருந்தன. டீச்சர் ஸ்பேனரை எடுத்துத் தன் பெடல்களைக் கழற்றிக்கொண்டு, என்னுடையதைத் திருப்பி மாட்டிக் கொடுத்தார்.

"எந்த மீட்டர் வாங்கணும்னு கேட்டீங்களே அண்ணாச்சி?"

"வேண்டாம் டீச்சர்," என்றேன்.

அன்றைக்கு டீக்கடையில் நான் நிற்கவில்லை. ஊர்ப் பலகையைத் தாண்டும்போது தலை குனிந்திருந்தது. நேராகத் தோவாளை.

ரசல் லுங்கியோடு வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். கீரையைக் கீழே வைக்கவில்லை.

"என்னலே?"

நாலு வருஷமாக மனசுக்குள் என்னென்னவோ பேசி வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

"உன் வண்டி இருக்கா?"

"பரண்ல கிடக்கு. ரெண்டு டயரும் போச்சு."

"டயர் நான் வாங்கிட்டு வாறேன். ஞாயித்துக்கிழமை வள்ளியூர் போவோம்."

"எதுக்கு? பலகையில தோக்கவா?"

"இல்லை மக்கா. திரும்பி வரும்போது நான் முன்னால வாறேன்."

ரசல் கீரை உருவுவதை நிறுத்தினான்.

"முழுசுமா?"

"முழுசும். பலகை வரைக்கும்."

"ஆடிக் காத்துலே தாணு. வாயைத் தொறக்க முடியாது, பாத்துக்கோ."

"தெரியும்."

அவன் காம்பைத் தூக்கி எறிந்தான். உள்ளே பார்த்து, இன்னொரு டீ போடச் சொல்லிச் சத்தம் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்ப சரி," என்றான். "நான் பேசிட்டே வாறேன்."