புல்தரைக் காவல்

வள்ளியம்மை அம்மாவின் வீட்டு வாசலில் ஒரு புல்தரை உண்டு. தெருவில் எல்லோரும் வாசலுக்கு சிமெண்ட் பூசியபோது அவர் மட்டும் மண்ணை விட்டுவைத்துப் புல் வளர்த்தார். மாலையில் அவரைத் தேடி வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள். கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஆனாலும் மறுநாளும் வருவார்கள்.

அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய சீடர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அதைப் பற்றி இரண்டு தரப்பும் கவலைப்பட்டதில்லை.

சித்திரை பிறந்த வாரத்தில் இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் வந்தார். ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகியும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. மீசையும் போகவில்லை. வந்தவர் புல்லில் உட்காராமல் விறைப்பாக நின்றார்.

"அம்மா, எனக்கு ஒரே கேள்வி. ஆமா, இல்லைன்னு சொன்னாப் போதும்."

"உட்காருங்க ஐயா."

"பழக்கமில்லைம்மா. நின்னே சொல்றேன்." மீசையை நீவிக்கொண்டார். "ஐப்பசியில என் மகன் போயிட்டான். பைக்ல. ஒரே பையன். அன்னையிலருந்து என் வீட்டுக்காரி தெய்வானை பேசுறதில்லை. பின்கட்டுல சுவரைப் பாத்து உட்கார்ந்திருக்கா. ஊட்டினா ரெண்டு வாய் திங்கிறா. அவன் சட்டை ஒண்ணைக் கையில பிடிச்சிருக்கா. அழுக்குச் சட்டை. துவைக்கலாமேன்னு பிடுங்கிப் பாத்தேன். விடலை. எலும்பும் தோலுமாத்தான் இருக்கா, ஆனா விடலை."

"நீங்க என்ன செய்யிறீங்க?"

"சும்மா விடுவேனா? மணிக்கொரு தரம் போய் நிக்கிறேன். எந்திரி, குளி, நாலு வார்த்தை பேசுன்னு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. இவ தேய மாட்டேங்கிறா."

"கேள்வி?"

"அவ தம்பி தேனிப் பக்கம் ஒரு காப்பகம் பாத்து வச்சிருக்கான். கத்திரி வெயில் முடிஞ்சதும் கார் அனுப்புறேங்கிறான். அனுப்பலாமா, கூடாதா? அவளுக்குள்ள இன்னும் உசிரு இருக்கா இல்லையா, அதுவே எனக்குத் தெரியலைம்மா."

கடைசியில் குரல் உடைந்தது. அதை இருமல் என்று காட்டிக்கொள்ளப் பார்த்தார். யாரும் ஏமாறவில்லை.

வள்ளியம்மை புல்தரையைப் பார்த்தார்.

"கத்திரி முடியிறப்போ பதில் சொல்றேன். அதுவரைக்கும் இந்தப் புல்லைப் பாத்துக்குங்க."

"புல்லையா?"

"புல்லைத்தான். வெயிலைத் தாண்டணும்."

தாண்டவராயனுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. மனைவியைப் பற்றிக் கேட்டால் தோட்டவேலை கொடுக்கிறாளே இந்தப் பெண் என்று நினைத்தார். ஆனால் அவர் வாழ்நாளில் கொடுத்த டூட்டியை மறுத்தவரில்லை. மறுநாள் விடியுமுன் ஆஜரானார்.

வேலை என்றால் அப்படியொரு வேலை. புல் வெட்டும் மிஷினைத் தாழ்த்திவைத்துத் தரையோடு தரையாக வெட்டினார். புல்தரைக்குப் போலீஸ் கிராப் அடித்தாயிற்று. வீட்டுக்கும் இங்குமாக நடந்து, மணிக்கொரு தரம் ஹோஸைத் திறந்து, உச்சி வெயிலில்கூட ஆவி பறக்கப் பறக்கத் தெளித்தார். பக்கத்துக் கடையிலிருந்து யூரியா வாங்கிவந்து இரண்டு கையாலும் வாரி இறைத்தார்.

"அடியாத மாடு படியாது" என்றார், அங்கே வந்த தையற்கடை அய்யாவுவிடம்.

புல் படியவில்லை. நுனியெல்லாம் வெளுத்தது. யூரியா விழுந்த இடங்கள் இஸ்திரிப் பெட்டி பட்ட வேட்டி போலக் கருகின. தாண்டவராயன் இன்னும் அதிகமாகத் தெளித்தார்.

ஒருநாள் அம்மா வெளியே வந்து ஓர் ஓரத்தைக் கையால் கிளப்பினார். பாய் சுருளுவது போல் புல் சுலபமாகக் கிளம்பி வந்தது. அடியில் வேர் விரற்கடை நீளம்கூட இல்லை.

"இவ்வளவு தண்ணி விட்டும் வேர் இறங்கலையேம்மா?"

"எதுக்கு இறங்கணும்? நீங்கதான் மணிக்கொரு தரம் வாசல்லயே கொண்டுவந்து குடுக்குறீங்களே."

"எருவாவது போட்டேனே!"

"காய்ச்சல்ல கிடக்கிறவளுக்கு விருந்து வைப்பீங்களா ஐயா?"

தாண்டவராயன் ஹோஸை மூடினார். அம்மா மிஷினின் கத்தியைத் தொட்டுப் பார்த்தார். மழுங்கியிருந்தது. வெட்டப்பட்ட ஒரு புல்லை எடுத்து நீட்டினார். நுனி அறுந்திருக்கவில்லை, கிழிந்திருந்தது. கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தார்கள். மிஷினை உயர்த்திவைத்தார்கள். அதன்பின் புல் வளர வளர மேல்நுனி மட்டுமே போயிற்று. நீளப் புல் தன் காலடி மண்ணுக்குத் தானே நிழல் போட்டுக்கொண்டது.

"தண்ணி எப்ப விடுறது?" என்று கேட்டார் தாண்டவராயன்.

அம்மா செருப்பைக் கழற்றினார். புல்லின் மேல் மெதுவாக நடந்துபோய், நின்று, திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை கூத்து நடந்தது. அம்மா புதிதாக ஒரு தியானப் பயிற்சி தொடங்கிவிட்டார் என்று சேதி பரவி, அய்யாவு தலைமையில் சீடர்கள் எல்லோரும் புல்லின் மேல் வரிசையாக நடந்தார்கள். நின்றார்கள். கண்களைப் பாதி மூடித் திரும்பிப் பார்த்தார்கள். கடந்து வந்த வாழ்க்கையை நோக்குவது இது என்று அய்யாவு விளக்கமும் சொன்னார். புல் பாவம், அத்தனை ஞானத்தையும் தாங்கிக்கொண்டது.

தாண்டவராயன் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடித் தடம் பார்த்தே திருடர்களைப் பிடித்தவர் அவர். அய்யாவு மிதித்த புல் எழுந்திருக்கவில்லை. தடம் அப்படியே படிந்து கிடந்தது.

மறுநாள் விடியலில் ஹோஸைத் திறந்தார். ஒரே இடத்தில் நின்று, மண் குடிக்கக் குடிக்க விட்டார். நீளமான ஸ்குரூடிரைவரைச் செருகினால் பிடிவரை இறங்கும் வரைக்கும் விட்டார். அப்புறம் தொடவில்லை. தினமும் காலையில் ஓரமாக ஓரடி வைத்துப் பார்ப்பார். புல் எழுந்துவிட்டால் தண்ணீர் கிடையாது. தடம் நின்றால்தான் தண்ணீர்.

புல் தேறியது. அவரும் சற்று நிமிர்ந்தார்.

"நீளப் புல்லு, ஆழத் தண்ணி. முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க கேக்கலையே ஐயா. உத்தரவுதான போட்டுக்கிட்டிருந்தீங்க."

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. வெயில் கொளுத்தியது. ஒருநாள் காலையில் மோட்டாரைப் போட்டால் போர்க்குழாயில் காற்றுதான் வந்தது. அன்று முதல் வீட்டுக்கே தண்ணீர் தெருமுனை லாரியிலிருந்து குடத்தில் வந்தது.

"எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க" என்றார் தாண்டவராயன். "ஒரு லாரியை நேரா இங்க திருப்பச் சொல்றேன்."

"வேண்டாம். குடத்தோட ஜனங்க நிக்கிறாங்க."

"அப்ப புல்லு சாகட்டுமா?"

"கயிறு கட்டுங்க" என்றார் வள்ளியம்மை. "யாரும் உள்ள போகக் கூடாது."

தாண்டவராயன் நான்கு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டினார். சீடர்கள் போர்டிகோவுக்கு மாறினார்கள். புல் மஞ்சளாயிற்று, பிறகு வைக்கோல் நிறமாயிற்று. அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் அம்மா ஒரு அண்டாவில் சேர்த்துவைப்பார். அண்டா நிறைந்ததும் விடிகாலையில் கயிற்றுக்கு வெளியே நின்று செம்பால் எட்டும் தூரத்துக்கு வீசி ஊற்றுவார். அவ்வளவுதான் அவர் செய்தது.

தாண்டவராயனால் அப்படி இருக்க முடியவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. யாரும் பார்க்காதபோது கயிற்றைத் தாண்டி உள்ளே போவார். குனிவார், சுரண்டுவார், பெருமூச்சு விடுவார், வெளியே வருவார். சற்றுப் பொறுத்து மறுபடியும் போவார்.

ஒருநாள் அம்மா கயிற்றருகே நின்று கேட்டார்.

"ஐயா, இது யாரோட தடம்?"

புல்தரையின் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அதில் மட்டும் காய்ந்த புல்லும் இல்லை. பொடியாகி மண்ணோடு போயிருந்தது. தாண்டவராயனின் மீசை துடித்தது. எந்தப் பயல் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று குந்தி உட்கார்ந்து தடத்தை ஆராய்ந்தார். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. ஆள் கனமானவன். பலமுறை வந்துபோயிருக்கிறான்.

அவர் தன் செருப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எழுந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்.

கத்திரி முடிகிற நாள் வந்தது. வானம் வெளிறிக் கிடந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. முந்தின நாள் மைத்துனன் போன் செய்திருந்தான். கத்திரி முடிந்த மறுநாள் காலையில் கார் வாசலுக்கு வந்துவிடும், அக்காவின் துணிமணிகளை எடுத்துவைத்துவிடுங்கள் என்றான்.

தாண்டவராயன் வள்ளியம்மை வீட்டுக்கு மண்வெட்டியோடு வந்தார். பின்னால் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. அதில் நர்சரியிலிருந்து வாங்கிய புதுப்புல், பாய் பாயாகச் சுருட்டிப் பச்சைப்பசேலென்று இருந்தது. நேரே போய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தெறிந்தார்.

அம்மா படியில் வந்து நின்றார்.

"என்ன ஐயா இது?"

"எனக்குத் தோத்துப் பழக்கமில்லைம்மா. வெயிலைத் தாண்டணும்னீங்க. இது செத்துப்போச்சு. கொத்தி எடுத்துட்டுப் புதுசு போட்டுத் தர்றேன். பச்சையா ஒப்படைக்கிறேன். நீங்க எனக்குப் பதில் சொல்லணும். நாளைக்குக் கார் வருது."

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"கண்ணு சொல்லுது!"

"மண்வெட்டியை வைங்க. கையால ஒரு பிடி பிடுங்குங்க. வந்துட்டா, முழுசையும் கொத்திடலாம்."

தாண்டவராயன் மண்டியிட்டார். காய்ந்த புல்லை ஒரு கொத்தாகப் பற்றி இழுத்தார். வரவில்லை. கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். மேல்தாள் நாலு பொடிந்து கையோடு வந்தது. அடி அசையவில்லை. அவருக்கு வெறி வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது.

"விட மாட்டேங்குதே!" என்று கத்தினார்.

தன் சொல் தன் காதிலேயே விழுந்தது.

பிடி தளர்ந்தது. குனிந்து, காய்ந்த தாள்களை விரலால் மெல்ல விலக்கினார். மண்ணை ஒட்டி, அரிசிக் குருணை அளவில், வெள்ளையாக ஒரு முளை இருந்தது. தொட்டார். கெட்டியாக இருந்தது.

வெகுநேரம் அவர் தலை நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. வண்டிக்காரன் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தான். அம்மா கையசைத்து அவனை நிறுத்தினார்.

"அந்தச் சட்டையை..." என்றார் தாண்டவராயன். "என்ன பிடி பிடிச்சிருந்தா தெரியுமாம்மா. நான் கையை முறுக்கிப் பாத்தேன். பொண்டாட்டி கையை."



அவர் மெல்ல எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ரத்தம் பட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எண்ணைத் தேடினார்.

"மாப்ள, நான்தான். காரு வேண்டாம்... இல்லை, நாளைக்கும் வேண்டாம், அடுத்த மாசமும் வேண்டாம். உங்க அக்கா இங்கதான் இருக்கா."

வண்டிக்காரனைப் பார்த்துப் புல்லைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். பிறகு கயிற்றைத் தேடி எடுத்தார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, வெளிப்பக்கமாகவே சுற்றிவந்து, இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பழைய விறைப்பெல்லாம் போய், கேட்கிற குரலில் கேட்டார்.

"அம்மா, மழையே வராமப் போயிட்டா?"

வள்ளியம்மை அண்டாவில் செம்பை விட்டுத் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"மழை உங்க டூட்டி இல்லை ஐயா. கயிறுதான் உங்க டூட்டி."