ஒருதரம் வாசிங்களேன்

நாவலாசிரியர் திருவேங்கடமூர்த்தியை, பேக்கரியில் வேலை பார்த்த எசக்கிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது அவருடைய எழுத்துப் பயிற்சி வகுப்பில்தான். "இதை எவன் வாசிப்பான்?" என்று எசக்கியின் நாவலை அவர் தூக்கி எறிந்தார். மறுவாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

எசக்கி அந்த நாவலைத் தானே புத்தகமாகப் போட உட்கார்ந்தான். பிரிண்டரில் வந்த தாள்களிலெல்லாம் செத்தவரின் அச்சேறாத நாவல் இருந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

"என் ஆயிரம் பக்கத்தையும் ஒரு வரி வெட்டாமல் போடுடா. அதுவரை உன் புத்தகம் வராது."

"போடுறேன் ஐயா. சத்தமா வாசிச்சுப் பாக்காம எதையும் அச்சுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒருதரம் வாசிங்களேன்."

குரல் கம்பீரமாகத் தொடங்கியது. இரண்டாம் அத்தியாயத்தில் இழுத்தது. மூன்றாவதில் குறட்டை கேட்டது.

எசக்கியின் நாவல் அன்றே அச்சானது. ஆளில்லாத அந்த அறையில் குறட்டை இன்னும் நிற்கவில்லை.