தொப்பியில் குத்திய கொக்கி

"மீன் வருகுது, பாக்குது, போகுது" என்றார் சபாநேசன். "என்னை நக்கலடிக்கிற மாதிரிக் கிடக்கு."

"நீங்கள் கடலோட சண்டைக்கெல்லோ நிக்கிறியள்" என்றாள் மாதுமை.

சபாநேசனுக்கு அறுபத்திரண்டு வயது. மாதுமைக்கு முப்பத்தொன்று. அவர் மாணவர், அவள் ஆசிரியை.

இடம் மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் தீவு மறைந்துவிடும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இறகுத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுப்பது மாதுமையின் தொழில். சபாநேசன் சூரிச்சில் டிராம் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு தடியும் ரீலும் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். பிறந்தது கொக்குவிலில். அதுவரை மீனுக்கும் அவருக்கும் சட்டியில்தான் பழக்கம்.

இந்தத் தூண்டிலில் புழு இல்லை. கொக்கியில் இறகும் மயிரும் வைத்து நூலால் சுற்றிய பொய் இரை. தண்ணீரில் பார்த்தால் குஞ்சு மீன் மாதிரி இருக்கும். தடியை முன்னும் பின்னும் வீசி அதைத் தூரத்தில் மெல்ல இறக்கவேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடவேண்டும்.

"விடுறதுக்கு ஏன் பிடிக்கவேணும்?"

"பிடிச்சால்தானே விடலாம்."

மாதுமையிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கொக்கி நுனிக்குக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி, ஒரு சின்ன முள் இருக்கும். குத்தினது கழன்று வராமல் பிடித்துவைப்பது அதுதான். முதல் வீச்சுக்கு முன்னால் அந்த முள்ளைக் குறட்டால் நசித்து மடக்கவேண்டும்.

"முள்ளில்லாத கொக்கி பல்லில்லாத நாய்" என்றார் சபாநேசன்.

"மடக்குங்கோ" என்றாள் அவள்.

மடக்கினார். மடக்கும்போது பல்லைக் கடித்தார்.

"ஆரிலை கோவம்?"

"சனிக்கிழமை மகள் வாறாள்."

"சந்தோசம்தானே."

"வரட்டும். ஒரு கேள்வி கேக்கவேணும்."

போன ஆடியில் அவர் மனைவி இறந்தாள். மகள் சாருகா செத்தவீட்டுக்கு வரவில்லை. இருப்பது லியோனில், ரயிலேறினால் பின்னேரம் வந்துவிடலாம். வரவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது அவளாகவே செய்தி அனுப்பியிருந்தாள்: சனிக்கிழமை நாலு மணிக் கப்பலில் வருகிறேன்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சபாநேசன் ஆறவே விடவில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வியை அடுப்பிலேயே வைத்திருந்தார். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியும் இருந்தார்: "பெத்த தாய் செத்ததுக்கு வராத நீ, இப்ப ஆரின்ரை சாவுக்கு வந்தனி?"

மாதுமைக்கும் சொல்லிக்காட்டினார்.

"மகளோட கடைசியா என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள் அவள்.

"அது அவளின்ரை கலியாணத்து நேரம். நாலு வருசமாச்சு. கோவத்தில ஏதோ சொல்லியிருப்பன். ஆர் ஞாபகம் வச்சிருக்கினம்?"

மாதுமை கடலைப் பார்த்தாள். அலையே இல்லை. காலையிலிருந்து ஒரு பறவையும் பறக்கவில்லை.

"இப்ப வீசுங்கோ" என்றாள்.

அந்த வீச்சில் மீன் கடித்தது.

கையளவு நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். ஊரிலென்றால் கொடுவா என்பார்கள். அது துள்ளவில்லை, இழுக்கவில்லை. கூப்பிட்டதும் வருகிற பிள்ளை மாதிரி நேரே அவர் காலடிக்கு வந்து நின்றது.

மாதுமை குனிந்து, அவருடைய கொக்கியைக் கழற்றினாள். பிறகு கையை எடுக்காமல் நின்றாள்.

மீனின் உதட்டில் இன்னொரு கொக்கி இருந்தது.

பழையது. துரு ஏறிக் கறுத்திருந்தது. இறகெல்லாம் தின்னப்பட்டு, நரைமயிர் கொஞ்சமும் சிவப்பு நூல் கொஞ்சமும் மிச்சம். அதைச் சுற்றி உதடு வளர்ந்து தடித்திருந்தது. மெல்லத் திருகித் திருகி எடுத்தாள். முள் மடக்கப்படவில்லை.

"எந்தப் பாவி இதை எறிஞ்சவன்?" என்றார் சபாநேசன். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "வாய்க்குள்ள உந்தக் கொக்கியை வச்சுக்கொண்டு எத்தினை நாள் திரிஞ்சுதோ."

மாதுமை கொக்கியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"கட்டினவர் இடக்கையர்" என்றாள். "நூல் மற்றப் பக்கமாச் சுத்தியிருக்கு."

"ஆரின்ரை அது?"

"இன்னும் தெரியேல்லை."

அதைத் தன் ஓலைத் தொப்பியில் குத்திக்கொண்டாள். மீன் போய்விட்டது. அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அதே மீன் வந்தது. கடிக்கவில்லை. கணுக்காலளவு தண்ணீரில், அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அவரைப் பார்த்தது.

அவர் காலை உதறினார். அது நகரவில்லை.

அன்று தொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "டீச்சர், உந்தக் கொக்கியைத் தேய்ச்சனீங்களோ? துரு குறைஞ்சிருக்கு."

"நான் தொடேல்லை."

புதன்கிழமை கொக்கியின் வளைவு வெள்ளையாகத் தெரிந்தது. மயிர் கூடியிருந்தது.  கண்ணில் ஏதோ கோளாறு, சூரிச்சுக்குப் போனதும் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வேறொரு பெரிய மீன் கடித்தது. கைக்குக் கிட்ட வந்து, தலையை ஓர் உதறு உதறிக் கழன்று போனது.

"முள் இருந்திருந்தால் போயிருக்காது" என்றார்.

"ஓம்" என்றாள் அவள். "போயிருக்காது."

அவளோடு இனிப் பேச்சு வைப்பதில்லை என்று முடிவு செய்து, கால் மணி நேரம் அதைக் காப்பாற்றவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை அந்த மீன் திரும்ப வந்தது. இந்தமுறை அவர் காலை ஒட்டியே நின்றது. திங்கட்கிழமை ஆறித் தடித்திருந்த உதடு இப்போது பிளந்திருந்தது. அதிலிருந்து ரத்தம் நூல் மாதிரிக் கிளம்பித் தெளிந்த தண்ணீரில் கரைந்தது.

சபாநேசனுக்குப் பயம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம்.

"இந்தக் காயம் புதுசு" என்றார்.

"ஓம்."

"நாலு நாளைக்கு முதல் பழசாயிருந்தது."

"ஓம்."

"என்ன நடக்குது, டீச்சர்?"

"நீங்கள்தான் சொல்லவேணும். அது உங்களிட்டை வந்தெல்லோ நிக்குது."

சனிக்கிழமை மாதுமை அவரைப் பாறைக்குக் கூட்டிப்போகவில்லை. கப்பல் வருகிற துறையில், ஒரு மரப்பெட்டிமேல் உட்காரவைத்தாள்.

"இண்டைக்குச் சொந்தமா ஒண்டு கட்டுங்கோ. கப்பல் வரும் மட்டும் நேரம் கிடக்கு."

புதுக் கொக்கி ஒன்றைக் கொடுத்தாள். ஒரு வெள்ளை இறகும் கொடுத்தாள்.

"மயிர்?"

"மான்மயிர் முடிஞ்சுது. உங்களிட்டை இல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டே காதோரம் நரைத்ததில் கொஞ்சம் வெட்டினார். "இருக்கிறதே கொஞ்சம்" என்றார்.

"நூல்?"

"அதுவும் உங்களிட்டை இருக்கும்."

இருந்தது. சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்கவென்று மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்துவந்த ஒரே ஒரு நூற்கட்டை. அதை வெளியே எடுத்தபோதுதான் அது என்ன நிறம் என்று பார்த்தார்.

கை நிற்கவில்லை. இடக்கை சுற்றியது. இறகு, நரைமயிர், சிவப்பு நூல். கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

பிறகு நிமிர்ந்து அவளுடைய தொப்பியைப் பார்த்தார்.

தொப்பியில் இருந்தது இப்போது புத்தம் புதிதாக மின்னியது. கையில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு மயிர் வித்தியாசம்கூட இல்லை. நூலை அறுத்த இடத்தில் பிசிறு நின்றதும் ஒரே மாதிரித்தான்.



"இதை நான் எப்ப எறிஞ்சனான்?"

மாதுமை குறட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அவர் குறட்டை எடுக்கவில்லை. அதற்குள் கப்பல் ஊதிவிட்டது. ஊதினதும் ஒரு வருடத்துக் கேள்வி கொதித்து மேலே வந்தது. கொக்கியை அப்படியே, முள்ளோடு, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நேரே நடந்து போய்க் கப்பலிலிருந்து இறங்குகிற பலகைக்கு முன்னால் நின்றார்.

விடுமுறைக்காரர்கள் இறங்கினார்கள். குடை, கூடை, பிள்ளைகள், ஒரு நாய். எல்லோரும் இறங்கி முடிந்தபிறகு சாருகா வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு சின்னப் பெட்டி. தாயின் நடை.

பலகையின் நுனி வரை வந்தாள். அங்கே இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றுவிட்டாள். தரைக்கு இன்னும் ஓர் எட்டு இருந்தது.

சபாநேசன் வாயைத் திறந்தார். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

"அப்பா" என்றாள் சாருகா. "கால் வைக்கலாமோ?"

அவருக்கு விளங்கவில்லை.

"நீங்கள் சொன்னனீங்களெல்லோ. 'நான் நிக்கிற இடத்தில இனி நீ கால் வைக்கக்கூடாது. ஆர் செத்தாலும் வராதை' எண்டு. அதுதான் கேக்கிறன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தபாலில் வந்த ஒரு கடிதத்தை வாசிப்பதுபோலச் சொன்னாள். அந்த வாக்கியத்தை நாலு வருடமாகத் தினமும் வாசித்திருக்கவேண்டும்.

சொன்னது ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள். கதவடி. கையில் தேத்தண்ணிக் கோப்பை. சொல்லி முடித்துவிட்டு மிச்சத் தேத்தண்ணியையும் குடித்தார்.

"வா" என்று சொல்ல நினைத்தார்.  கையையாவது கொடுப்போம் என்று பைக்குள் விட்டிருந்த இடக்கையை வெடுக்கென்று இழுத்தார்.

கொக்கி பெருவிரலில் ஏறியது. முள் தாண்டி, ஆழமாக.

அவர் கத்தவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். விரலில் இறகும் நரைமயிரும் சிவப்பு நூலும் ஆடிக்கொண்டிருந்தன.

சாருகா பெட்டியைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கையைப் பிடித்து மரப்பெட்டிமேல் அவரை உட்காரவைத்தாள். லியோனில் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள், ரத்தத்துக்குப் பழகினவள். கொக்கியைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். தசை கூடவே வந்தது.

"பின்னால வராது" என்றாள் மாதுமை. குறட்டை அவளிடம் கொடுத்தாள். "இன்னும் முன்னால தள்ளவேணும். முள் வெளியில வந்தாப்பிறகு மடக்கவேணும். பிறகு வந்திடும்."

"அசையாதேங்கோ அப்பா."

தள்ளினாள். நுனி தோலைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. முள் தெரிந்தது. அவர் கண் நிறைந்து வழிந்தது. யாராவது கேட்டிருந்தால் அது வலியால்தான் என்று சொல்லியிருப்பார்.

சாருகா குறட்டை வைத்து நசித்தாள். டக் என்று ஒரு சத்தம். முள் மடங்கியது.

கொக்கி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மாதுமை தொப்பியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதில் ஒன்றும் குத்தியிருக்கவில்லை. ஓலையில் ஒரு சின்னத் துளையும், துளையைச் சுற்றித் துருக்கறையும் மட்டும் இருந்தன.

துறைக்குக் கீழே தண்ணீரில் ஏதோ வெள்ளையாகத் திரும்பி ஆழத்துக்குப் போனது.

சாருகா இதையெல்லாம் பார்க்கவில்லை. தலைகுனிந்து, கைக்குட்டையால் அவர் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நோகுதோ, அப்பா?"

ஒரு வருடமாகக் காய்ச்சிவைத்த கேள்வியை அவர் தேடினார். கிடைக்கவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"உனக்கு இன்னும் நோகுதோ, பிள்ளை?"