பெட்டிக்குள் பார்த்த தலைவர்

ஆலம்புதூரில் ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி வைத்ததுதான் சட்டம். “யார் எந்தச் சின்னத்துக்குக் குத்தினீங்கன்னு ஓட்டுப் பெட்டியைப் பார்த்தே சொல்லிடுவேன்” என்று மிரட்டி வைத்திருந்ததால், அவரை எதிர்த்து ஓட்டுப் போட ஊரில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வரவிருந்த ஊராட்சித் தேர்தலுக்காக, வாக்களிக்கும் முறையை விளக்க மாநிலத் தேர்தல் ஆணையத்திலிருந்து பவளக்கொடி என்ற கடைநிலை ஊழியர் ஒருத்தி வந்தாள். அவளிடமும் தலைவர் அதையே சொன்னார்.

“அப்படிங்களாய்யா? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, நாங்களும் கத்துக்கிறோம்” என்றாள் பணிவாக.

ஐந்து பெண்களிடம் பூட்டு, சீப்பு என்று இரண்டு சின்னங்கள் அச்சிட்ட மாதிரி ஓட்டுச் சீட்டு கொடுத்து, காதில் ஏதோ சொல்லி மறைப்புக்குள் அனுப்பினாள். சீட்டுகள் பெட்டியில் விழுந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் பின்வாங்க முடியுமா?

“மூணு பூட்டு, ரெண்டு சீப்பு. சீப்புக்குக் குத்தினது அந்தக் கடைசி ரெண்டு பேர்” என்றார் மிடுக்காக.

பவளக்கொடி பெட்டியைத் திறந்து கொட்டினாள். ஒரு சீட்டிலும் முத்திரை இல்லை.

“குத்துற கட்டையை நான் உள்ளே வைக்கவே இல்லைங்கய்யா. சும்மா மடிச்சுப் போடச் சொன்னேன்.”

முதலில் சிரித்தவள் தலைவரின் மனைவி. அப்புறம் ஊரே சிரித்தது.

அந்தத் தேர்தலில் அவர் நாற்பது ஓட்டில் தோற்றார். எதிராகக் குத்தியவர்கள் யார் யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை.